இரண்டும் நடந்த ஊர்

ஆழிமதில் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் மூன்றாம் பாகம் வெளிவந்த வாரத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் நடுவே, முந்தின வருஷத்துப் புயலில் படகோடு போய்விட்ட கஸ்பார் புன்னைத்துறைக் கோவிலுக்குள் ஈரச் சட்டையோடு வந்து, ஆண்கள் பக்கத்தில் தூணை ஒட்டி, உயிரோடிருந்த நாளில் எங்கே நிற்பானோ அங்கேயே நின்றான். அவன் பின்னால் அவனோடு போன மற்றவர்களும் வந்தார்கள். நற்கருணைக்கு வரிசையில் வந்தபோது சாமியாரின் கை கொஞ்சம் தயங்கியது, பிறகு கொடுத்துவிட்டது. அன்றைக்குப் புன்னைத்துறையில் யாரும் கூச்சல் போடவில்லை. கடல் கொண்டுபோனதைக் கடல் திருப்பித் தருவதில் அந்த ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம் இருந்ததே தவிர ஆச்சரியம் இல்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு அங்கே யாரும் முழுசாக அழுது முடித்ததும் இல்லை.

காரணம் என்னவென்று சீக்கிரமே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கஸ்பாரின் தம்பி இஞ்ஞாசி சென்னையில் அந்த விளையாட்டைச் செய்யும் கம்பெனியில் கதை எழுதுகிறவன். ஆழிமதிலின் உலகத்தில் எந்த அரசன் யாருக்குப் பேரன், எந்தத் தெய்வம் எந்தப் போரில் கண்ணை இழந்தது, எந்தத் தீவு எந்தப் பாகத்தில் எரிந்தது என்பதையெல்லாம் பிசகாமல் காப்பது அவன் வேலை. பிசகினால் ஊர் ஊராக இருக்கிற ஆட்டக்காரர்கள் அவனைக் கிழித்துவிடுவார்கள். முதல் பாகத்தில் இறந்த படைத்தலைவன் இரண்டாம் பாகத்தில் எப்படி விருந்து சாப்பிடுகிறான் என்று மாதக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் அவர்கள். புயலுக்குப் பிறகு இஞ்ஞாசி அந்த உலகத்தில் ஆழிவாய் என்று ஒரு துறைமுகத்தை எழுதினான். தெருவும் கிணறும் வலைக்கொட்டகையும் புன்னைத்துறையின் தெருவும் கிணறும் வலைக்கொட்டகையும்தான். வெளியே புயலில் மாட்டிய படகில் அண்ணனையும் அவன் கூட்டாளிகளையும் அவரவர் பெயரோடு ஏற்றினான். அண்ணனை எங்காவது ஒரு கரையில் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் நினைத்தது. ஆனால் கம்பெனியின் தலைவி வசுந்தரா, சும்மா காப்பாற்றுவதற்கு இது கோவில் இல்லை, எதையாவது கொடுத்துத்தான் எதையாவது வாங்க வேண்டும் என்று சொன்னாள். அதனால் ஆழிவாயைச் சுற்றி ஒரு மதிலையும் மதிலில் ஒரு கடல்கதவையும் வைத்தான். ஆடுகிறவன் கதவைத் திறந்தால் படகு உள்ளே வரும், கூடவே அலையும் வந்து ஊரை விழுங்கும். மூடினால் ஊர் பிழைக்கும், படகு போய்விடும்.

பாதிப் பேர் திறந்தார்கள், பாதிப் பேர் மூடினார்கள். எது நிஜத்தில் நடந்தது என்று ஆட்டக்காரர்கள் கேட்டபோது, நீங்கள் எதைச் செய்தீர்களோ அதுதான் வரலாறு என்று கம்பெனி பதில் சொன்னது. ஆகவே கஸ்பார் செத்தவனாகவும் சாகாதவனாகவும் இருந்தான்.

அவன் வந்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, அவன் மனைவியாக இருந்த செலஸ்தினா ஐஸ் பாக்டரியில் வேலை பார்க்கும் தொம்மையைக் கலியாணம் செய்து, வயிற்றில் பிள்ளையோடு பெண்கள் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். பூசை முடிந்து வெளியே வந்ததும் மூன்று பேரும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். தொம்மை மெதுவான ஆள். தரையைப் பார்த்துக்கொண்டே, "சாப்பிட வாங்கண்ணே, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். அந்த அப்புறம் வரவே இல்லை. கஸ்பார் வலைக்கொட்டகையில் படுத்துக்கொண்டான், வேளாவேளைக்குத் தொம்மை வீட்டில் சாப்பிட்டான். அவன் தின்ற சோறு பானையில் குறையவில்லை. எத்தனை வெயிலில் நின்றாலும் அவன் சட்டை காயவில்லை. செலஸ்தினாவின் கலியாணம் செல்லுமா செல்லாதா என்று சாமியார் ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டார், பதில் வரவில்லை. பிறந்த பெண் அனஸ்தாசியா நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்டு, ஈரமாக வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த மனுசரைப் பெரியப்பா என்று கூப்பிட்டாள். அவள் வளர வளர அவன் வளராமலே இருந்தான்.

திரும்பி வந்தவர்கள் சில நாள் திடமாக இருப்பார்கள், சில நாள் மெலிந்துபோவார்கள். மெலிவது என்றால் சதை வற்றுவது அல்ல. பின்னால் இருக்கும் சுவரின் காரை தெரியும், பேச்சு அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் வரும். பெரிய விடுமுறை நாட்களில்தான் அப்படி ஆகிறது என்று கண்டுபிடித்தவர்கள் பெண்கள். எங்கோ மதுரையிலோ மலேசியாவிலோ பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து விளையாட்டில் அந்தக் கடல்கதவை மூடிக்கொண்டிருக்கிறார்கள். நாம் திறந்தால் என்ன என்று முதலில் கேட்டவள் செலஸ்தினா.

கோவில் பக்கத்தில் பிரிஜித்தா வைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு, காலைச் சமையலை முடித்துவிட்டு, கையில் மீன் வாடை போகாமலே, படகில் ஆளைக் கொடுத்த பெண்கள் எல்லாரும் வந்தார்கள். கதவை எட்டுவதற்குப் பாதி உலகத்தைக் கடந்தாக வேண்டும் என்பதால் வாள் வீசக் கற்றுக்கொண்டார்கள், எலும்புநாய்களைக் கொல்லக் கற்றுக்கொண்டார்கள், கண்ணிழந்த தெய்வத்தின் முன்னால் என்ன பாட்டைப் பாடினால் பாலம் இறங்கும் என்று தெரிந்துகொண்டார்கள். ஆற்றுநாட்டு அரசர்களின் வம்சத்தைச் செலஸ்தினா செபமாலை சொல்வதுபோல மூச்சுவிடாமல் சொல்வாள். ஒருதரம் கதவடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த இடத்தைச் சேமித்துவைத்து, அங்கிருந்தே திரும்பத் திரும்பத் திறக்கலாம் என்று பிரிஜித்தா காட்டிக்கொடுத்தாள். அன்றிலிருந்து செலஸ்தினா தினமும் திறந்தாள். திறந்து, அலை ஊருக்குள் வருவதைக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். முதலில் கோவிலுக்குத் தெற்கே உள்ள சந்தில் நுழையும், பிறகு கிணற்றடி, பிறகு சந்தை, சந்தையில் சுழன்று திரும்பிப் பின்பக்கமாக மேட்டுத்தெருவுக்கு ஏறும். அதற்கெல்லாம் பிறகு, ஓடுகளும் கதவுகளும் மிதக்கிற தண்ணீரின் மேல், அந்தப் படகு வரும். படகின் முன்முனையில், அணியத்தில், கஸ்பார் நின்றுகொண்டிருப்பான். அதைப் பார்த்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய் அவள் அவனுக்குச் சோறு போடுவாள்.

அப்போதுதான் கிணறுகள் உப்பாக ஆரம்பித்தன. முதலில் தொம்மை வீட்டுக் கிணறு, அடுத்து அந்தோணியார் தெருக் கிணறு. தென்னைகள் குரும்பையை உதிர்த்தன. சிமெண்டுத் தரைகள் காலையில் வியர்த்துக் கிடந்தன, அந்த ஈரத்தை நாக்கில் வைத்தால் கடல். படகில் யாரையும் கொடுக்காத குடும்பங்கள் ஊரில் பாதிக்கு மேல் இருந்தன. மளிகைக்கடை லாசர் அவர்களுக்காகப் பேசினார்.

"உங்க ஆம்பளைகளுக்காக எங்க பிள்ளைக உப்புத்தண்ணி குடிக்கணுமா?" என்று அவர் செலஸ்தினாவைக் கடை வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"உங்க மகன் அந்தப் படகுல இருந்தா என்ன செய்வீக?"

"அதையேதான் செய்வேன். ஆனா அப்ப நீ என்னக் கேக்காம இருப்பியா?"

மறுநாளிலிருந்து லாசரும் அவர் ஆட்களும் சென்டருக்கு வந்து உட்கார்ந்து கதவை மூடினார்கள். ஒரு சுவரோரம் திறக்கிறவர்கள், எதிர்ச் சுவரோரம் மூடுகிறவர்கள், முதுகும் முதுகுமாக, ஒரு வார்த்தை பேசாமல், வருஷக்கணக்கில். பெண் கொடுத்து எடுப்பது நின்றது. திருவிழாவில் சப்பரத்தை யார் தூக்குவது என்று கைகலப்பு நடந்து, தலையுடைந்து ஒருவருக்குக் கண் பார்வை போனது. அந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு அதெல்லாம் புதிதாகத் தெரியவில்லை. அவர்கள் பார்த்த ஊரே அதுதான்.

நான்காம் பாகம் ஆழிவாய்ப் பக்கமே வராமல் போன பிறகு, ஐந்தாம் பாகம் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. அதன் கதை ஆழிவாய்ப் புயலுக்கு நூறு வருஷம் கழித்து நடக்கிறது. நூறு வருஷம் கழித்து அந்தக் கடற்கரைக்கு ஒருவன் நடந்துவந்தால் அங்கே ஊர் இருக்குமா, தண்ணீர் இருக்குமா? இனிமேல் கம்பெனி ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எது நடந்தது என்று தீர்த்து எழுதுவதற்குக் கானோன் என்று பெயர் என்று பிரிஜித்தா சொன்னபோது, அது கோவிலில் கேட்ட வார்த்தையாக இருக்கிறதே என்று செலஸ்தினா சாமியாரிடம் போனாள்.

"அளவுகோல்னு அர்த்தம்மா" என்றார் சாமியார். "ஆதியில சேசுவப் பத்தி நிறையப் பேர் நிறைய எழுதியிருந்தாங்க. எது சேரும் எது சேராதுன்னு சபை தீர்மானிச்சுது. சேந்ததுதான் கானோன்."

"சேராததெல்லாம்?"

"தள்ளிட்டாங்க."

"அதில்ல சாமி. அந்தத் தள்ளின கதையில இருந்த ஆளுக. அவுக என்ன ஆனாக?"

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். "அவங்க பேர வச்சு யாரும் பூசை கேக்கிறதில்லம்மா" என்றார்.

இஞ்ஞாசி ஊருக்கு வந்தான். முடிவு செய்யும் பொறுப்பை வசுந்தரா அவனிடம்தான் விட்டிருந்தாள். தலைமுடியெல்லாம் நரைத்துப்போயிருந்தது, அண்ணனுக்கு அண்ணன்போல் இருந்தான். கோவில் முற்றத்தில் ஊரே கூடியது. லாசர் ஒரு சொம்பில் தன் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து, "குடி, குடிச்சிட்டுப் பேசு" என்று நீட்டினார். இஞ்ஞாசி குடித்தான். படகில் போனவர்களிலேயே இளையவனான சிலுவையின் அம்மா சந்தனமரியாள், மகனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அவன் முன்னால் நிறுத்தினாள்.

"இவனுக்கு இன்னும் மீசைகூட ஒழுங்கா வரல. இவன் மூஞ்சியப் பாத்து மூடுவேன்னு சொல்லு பாப்போம்" என்றாள்.

இஞ்ஞாசி அங்கிருந்து நேரே வலைக்கொட்டகைக்குப் போனான். கஸ்பார் கிழிந்த வலையைக் கால்விரலில் மாட்டி முடிந்துகொண்டிருந்தான். செலஸ்தினா இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தவள், போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"என்ன முடிவு பண்ணியிருக்க?" என்றான் கஸ்பார்.

"உன்னக் கொல்ல என்னால முடியாதுண்ணே. திறந்ததாவே எழுதிருதேன். ஊர வேற எடத்துக்கு மாத்திக்கலாம். இடம் போனா இடம். ஆளு..."

"லே, இஞ்ஞாசி." கஸ்பார் வலையைக் கீழே வைத்தான். "எவனாவது அந்தக் கதவ மூடும்போது நான் முங்குதேன். இங்க உக்காந்து வல முடிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே முங்குதேன். தொண்ட வரைக்கும் தண்ணி வரும், நெஞ்சு வெடிக்கும், கண்ணு இருட்டும். செத்துருவேன். அப்புறம் எவனோ திறப்பான், திரும்ப வல கையில இருக்கும். நேத்து மட்டும் எத்தன தடவன்னு எனக்கே தெரியாது. என்கூடப் போனவன்களுக்கும் அப்படித்தான், கேட்டுப் பாரு. வெளிய சொல்ல மாட்டான்க."

இஞ்ஞாசி அண்ணனின் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரே தடவ மூடு" என்றான் கஸ்பார். "ஒரே தடவ."

வாசலில் நின்ற செலஸ்தினாவின் கையிலிருந்த தம்ளர் சாய்ந்து தேத்தண்ணி அவள் காலில் கொட்டியது. சுட்டது தெரியாமல் நின்றாள். "வருஷக்கணக்கா திறந்தேனே" என்றாள். "வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

கஸ்பார் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீ சோறு வச்சிட்டு உக்காந்திருப்ப, செலஸ்தி. எப்படிச் சொல்ல?" என்றான்.

மூடியதாக எழுதுவதென்று இஞ்ஞாசி சென்னைக்குப் போனான். செலஸ்தினா சென்டருக்குப் போவதை நிறுத்தினாள். காரணத்தை மற்ற பெண்களிடம் சொன்னபோது சிலர் அழுதார்கள், சிலர் அன்றே நிறுத்தினார்கள். சந்தனமரியாள் மட்டும் அவள் முகத்தில் துப்பிவிட்டு, தனியாகப் போய் உட்கார்ந்து முன்னைவிட வேகமாகத் திறந்தாள். சிலுவை அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "நல்லா ஆடுத, அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நடுநடுவே பேச்சு நின்று அவன் கழுத்து நரம்பு புடைத்து அடங்குவதை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வெளியீட்டுக்கு முந்தின புதன்கிழமை, தொம்மை வீட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செலஸ்தினாவுக்குப் போன் வந்தது. சாலையில் நின்று பேசுகிறான் போலிருந்தது, லாரிச் சத்தத்துக்கு நடுவே இஞ்ஞாசியின் குரல்.

"மைனி, ரெண்டையும் எழுதிட்டாங்க."

"ரெண்டும்னா?"

"நான் மூடினதாத்தான் எழுதினேன். திறந்தவங்க எல்லாம் கோவிச்சுக்குவாங்கன்னு வசுந்தரா அம்மா வேற ஆள வச்சு மாத்திட்டாங்க. கதவ மூடினாங்களாம், படகு போச்சாம். அன்னைக்கே மதில் ஒடைஞ்சு ஊரும் போச்சாம். மூடினவங்களுக்குப் படகு போனது நிஜம், திறந்தவங்களுக்கு ஊர் போனது நிஜம், ஒருத்தரோட ஆட்டமும் பொய்யாகாதாம். கத்திப் பாத்தேன் மைனி. வெளிய அனுப்பிட்டாங்க. இன்னைக்குக் காலையிலதான் தெரியும் எனக்கு."

"என்னைக்கு வருது?"

"வெள்ளிக்கிழமை. மத்தியானம்."

அவள் அழவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. போனை வைத்துவிட்டு, கை கழுவாமல், நேரே லாசரின் கடைக்குப் போனாள். ஊரில் பாதி அவர் சொன்னால்தான் அசையும். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தன வருஷம் மூடினேனே" என்றார். "என் கட்சிதான ஜெயிக்கணும்?"

"கட்சிய அப்புறம் பேசுவோம் மாமா. தண்ணி மொதல்ல தெக்குச் சந்துல வரும். சந்தையில சுத்தித் திரும்பி மேட்டுத்தெருவுக்குப் பின்பக்கமா ஏறும். மேட்டுத்தெருவுல போய் நிப்போம்னு நினைச்சவன் ஒருத்தனும் மிஞ்ச மாட்டான். தேரிக்குத்தான் போகணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இந்த ஊர நான் முக்கின மாதிரி யாரு முக்கியிருக்கா?"

ஊருக்கு மேற்கே, பனையும் முந்திரியும் நிற்கிற செம்மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர். வியாழக்கிழமை முழுக்க அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். பானைகள், வலைகள், கோழிகள், படகு எஞ்சின்கள், நடக்க முடியாத கிழவர்களைச் சுமந்த நாற்காலிகள். இத்தனை வருஷம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரே வண்டியை ஆளுக்கொரு பக்கம் தள்ளினார்கள். சாகாத செத்தவர்களும் சுமந்தார்கள். கோவில் மாதா சுரூபத்தைக் கஸ்பாரும் தொம்மையும்தான் தூக்கி வந்தார்கள். தேரியின் அடியில், மண் சிவக்கத் தொடங்குகிற இடத்தில், கஸ்பார் தன் பக்கத்தை லாசரின் தோளில் மாற்றிவிட்டு நின்றுவிட்டான்.

"பெரியப்பா, வாங்க" என்று மேலிருந்து அனஸ்தாசியா கூப்பிட்டாள்.

"நான் நனைஞ்ச ஆளு. மணல் ஒட்டும் பிள்ள" என்றான்.

செலஸ்தினா இறங்கி வந்தாள். அவள் தன் முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். துவட்டத் துவட்டத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, அவள் நிறுத்தாமல் துவட்டினாள். கடைசியில் அவன்தான் அவள் கையைப் பிடித்து எடுத்துவிட்டு, மேலே நின்ற தொம்மையைப் பார்த்து ஒருதரம் தலையசைத்துவிட்டு, சிலுவை தவிர மற்றக் கூட்டாளிகளோடு கடற்கரைப் பக்கம் நடந்தான்.

சந்தனமரியாள் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் தொம்மை அவளைத் தூக்கிவரப் போனான். அவள் வீட்டு வாசலில் சிலுவையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவன் போனா நான் எதுக்கு, நீ போ" என்று சாதாரணமாகச் சொன்னாள். அவள் கையைப் பிடித்து அவன் இழுத்தபோது அவனைக் கடித்துவிட்டாள். வேறு சிலரும் தங்கினார்கள், விளையாட்டுக்காகப் பொங்குகிற கடலை நாங்கள் பார்த்ததில்லை என்று சொன்னவர்கள்.

மத்தியானம், உச்சிவெயிலில், எந்த ஊரிலோ எவனோ ஒருவன் ஐந்தாம் பாகத்தின் முதல் காட்சியைத் திறந்திருப்பான். கடற்கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆண்கள், தேரியில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இல்லாமல் போனார்கள். மணலில் அவர்கள் உட்கார்ந்த ஈரம் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கடல் பின்வாங்கியது, யாரும் பார்த்திராத பாறைகள் வெளியே தெரிந்தன, அங்கிருந்து அது எழுந்து வந்தது. தெற்குச் சந்து, கிணற்றடி, சந்தை, திரும்பி மேட்டுத்தெரு. அந்த வரிசையிலேயே வந்தது. திரையில் அத்தனை தரம் கண்ணை எடுக்காமல் பார்த்த செலஸ்தினா இந்த ஒரு தரம் பார்க்கவில்லை. மகளின் முகத்தைத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டு மேற்கே திரும்பி நின்றாள். தொம்மைதான் பார்த்தான், கடிபட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு.

சாயங்காலம் இஞ்ஞாசி வந்து சேர்ந்தான். சாலை முடிந்த இடத்திலிருந்து நடந்துவந்திருந்தான், முழங்கால் வரை சிவப்பு மண். தேரியின் உச்சியில் ஏறி, ஊர் இருந்த திசையைப் பார்த்து, அங்கேயே மண்ணில் உட்கார்ந்தான். யாரும் அவனிடம் போகவில்லை, யாரும் அவனை விரட்டவும் இல்லை. பிள்ளைகள் பசிக்கு அழுதுகொண்டிருந்தார்கள். லாசர் கடையிலிருந்து கொண்டுவந்த அரிசியைக் கையால் அள்ளி அள்ளி யார் எந்தக் கட்சி என்று பார்க்காமல் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் செலஸ்தினா ஒரு தார்ப்பாயை இழுத்துக்கொண்டு அவன் பக்கம் வந்தாள்.

"அந்த அஞ்சாம் பாகத்துல எங்களப் பத்தி என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"ஆழிவாயில ஒருத்தரும் பிழைக்கலன்னு எழுதியிருக்கு மைனி."

"இனிமே மாத்துவாங்களா?"

"மாத்த மாட்டாங்க. கானோன் ஆயிட்டா அவ்வளவுதான். யாரும் இனிமே ஆழிவாயத் தேடி வர மாட்டாங்க."

கீழே தண்ணீரில் கோவில் கோபுரத்தின் சிலுவை மட்டும் தெரிந்தது, அதன்மேல் காக்கைகள் இடம் பிடிக்கச் சண்டை போட்டன. "அப்ப சரி" என்றாள். "இனிமே எவனும் எங்கள வச்சு ஆட முடியாதுல்லா."

தார்ப்பாயின் ஒரு முனையை அவன் பக்கம் வீசினாள்.

"எந்திரி. இதப் பிடி, காத்து தூக்குது."

அவன் எழுந்து பிடித்தான். அவள் முளையை வைத்துக் கல்லால் அடித்தாள். தேரி மணல் பிடிப்பில்லாத மணல், அடித்த முளை கையோடு வந்தது. அவள் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்து அடித்தாள்.